எழுத்தில் கொடுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வளர்மதிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் தேய்க்காமல் ஏமாற்றுகிறாய் என்று உன் மகள் சொன்னாள். அதைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன், இப்போது வேறு விஷயம்.

எங்கள் கிளை நூலகத்தில் ஒரு நாவலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாலைந்து பேர் வந்து, எங்கள் சாதியை இழிவுபடுத்துகிறது என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். படித்தீர்களா என்று கேட்டதற்கு ஒருவர் கைப்பேசியில் ஒரு பக்கத்தின் படத்தைக் காட்டினாராம். மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது, புத்தகம் உள்ளே போய்விட்டது. நூலகர் பாவம், தற்காலிகப் பணியில் இருக்கும் பெண். நான் கேட்டதும் பீரோவைத் திறந்து காட்டினார். பின்னட்டையில் ஒட்டிய தேதித் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதிலும் பாதிக்குமேல் முத்திரை. இத்தனை பேர் படித்திருக்கிறார்கள், ஊரில் ஒரு சண்டை வந்ததில்லை.

அரசு ஒரு புத்தகத்தைத் தடை செய்தால்கூட அதற்கு முறை உண்டு, வளர். காரணத்தை எழுதி அரசிதழில் வெளியிட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். இங்கே ஆணையும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. எதைக் காட்டி யாரிடம் முறையிடுவது? 1928-இல் பர்மா அரசு போட்ட ஆணையை வைத்துச் சென்னையில் பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தார்கள். ஆணை என்று ஒன்று இருந்ததால்தான் சத்தியமூர்த்தி அதைச் சட்டசபைக்கு இழுத்து வந்து உரித்தெடுத்தார். பாண்டிச்சேரியை விட்டு வந்த பாரதியை 1918-இல் அடைத்துவைத்ததும் நம் கடலூர்ச் சிறையில்தான். சிவகாமி டீச்சர் நம்மை மேடையேற்றிப் பாட வைத்தாரே, இரண்டாவது அடியில் நீ என் முகத்தைப் பார்த்து விழித்தாயே, அதுவும் பாரதி பாட்டுத்தான்.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பை இருவரும் போனில் மாறிமாறி வாசித்தது நினைவிருக்கிறதா? பிடிக்காவிட்டால் தூக்கி எறி, படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது நீதிமன்றம். அமைதிப் பேச்சு என்று கூப்பிட்டு அந்த எழுத்தாளரிடம் வாங்கிய ஒப்புதலும் செல்லாது என்றது. அதற்குப் பிறகும் இப்படி!

வாசகர்கள் சிலர் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். யார் ஆணைப்படி எடுத்தீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப்போகிறேன். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்காரர் பயப்படுகிறார். வாசலில் ஆட்கள் வந்து நின்றால் என்ன செய்வாய் என்கிறார். பெரியவள் இரவுப் பணி முடிந்து தனியாக பஸ்ஸில் வருகிறாள், அதை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனாலும் மனுவைத் திரும்பப் பெறமாட்டேன்.

மனுவின் நகல் இத்துடன் இருக்கிறது. உன் மாப்பிள்ளையிடம் காட்டி, சட்டப்படி திருத்தம் ஏதும் வேண்டுமா என்று கேட்டு உடனே எழுது. இங்கே பூட்டிவைத்த நாவல் உன்னிடம் இருக்கிறதே, அதையும் பார்சலில் அனுப்பு. இங்கே நாலு பேர் படிக்கக் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
கமலா