முதலில் வெளிச்சுவரைப் பார்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை தென் ஜெர்மனியின் நோர்ட்லிங்கன் ஊருக்குப் போவதாக எழுதியிருந்தாய். ஆக்ஸ்பர்க்கில் ஏறி டோனவ்வோர்த்தில் வண்டி மாற வேண்டும், அங்கிருந்து கிளைப்பாதை. ஸ்டேஷன் ஊர் மதிலுக்கு வெளியே இருக்கிறது. மதில் வாசலைத் தாண்டிவிட்டால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். 90 மீட்டர் உயரக் கோபுரம் தெருவுக்குத் தெரு தலைகாட்டும். அதை ‘டேனியல்’ என்று ஆள் பெயர் சொல்லித்தான் ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள். அது புனித ஜார்ஜ் தேவாலயத்தின் கோபுரம். லூத்தரன் சபையின் கோயில். வருகிறவர்கள் எல்லாரும் நேரே படியேறத்தான் ஓடுவார்கள். நீ முதலில் வெளிச்சுவரை ஒரு சுற்று சுற்றி வா.

சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பார். சாம்பல் நிறக் கல், கொஞ்சம் பச்சை ஓடியிருக்கும். அதற்குள் கறுப்பாக, நசுங்கி நெளிந்த கண்ணாடித் துண்டுகள் பதிந்திருக்கும். இவற்றுக்கு அங்கே ‘ஃப்ளெட்லே’ என்று பெயர். மெல்லிய தோசை போல வார்த்து, நாடா நாடாக நறுக்கிச் சூப்பில் போடுவார்களே, அதன் பெயரும் அதுதான். இந்தக் கல்லின் பெயர் சுவேவிட். அந்த வட்டாரத்தின் பெயரான ஸ்வாபியா, அதன் லத்தீன் வடிவத்திலிருந்து வந்தது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள விண்கல் அங்கே மோதியது. பாறை உருகி, சிதறி, மேலே போய் விழுந்து இறுகியதுதான் இது. மோதிய பள்ளத்தின் அகலம் சுமார் 25 கிலோமீட்டர். ஊர் வட்டமாக இருப்பதைப் பார்த்து மதில்தான் பள்ளத்தின் விளிம்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு, மதிலின் மொத்தச் சுற்றே 2.7 கிலோமீட்டர்தான்.

1960 வரை பெரும்பாலோர் இதை எரிமலைக் கல் என்றே சொல்லிவந்தார்கள். அந்த வருஷம் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் அங்கே வந்தார். தேவாலயச் சுவரைப் பார்த்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரம் கிடைத்தது ஓட்டிங் கல்குவாரியில் எடுத்த கல்லில். அதில் கோயசைட் என்ற கனிமம் இருப்பதை இன்னொரு நிலவியலாளர் எட்வர்ட் சாவ் கண்டுபிடித்தார். குவார்ட்ஸ் பயங்கரமான அழுத்தத்தில் நசுங்கினால் வருவது அது. எரிமலையில் அந்த அழுத்தம் கிடையாது. 1970இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்களை இந்தப் பள்ளத்துக்குக் கூட்டிவந்து பாறை பார்க்கப் பழக்கினார்கள். சுவரில் வைரம் இருக்கிறது என்றும் உனக்குச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு.

தேவாலயத்துக்கான கல் ஊருக்குத் தென்மேற்கே ஆல்டன்பியூர்க் குவாரியிலிருந்து வந்தது. கொத்தர்களுக்கு விண்கல் பற்றி என்ன தெரியும்? கல் பக்கத்தில் கிடைத்தது, உளிக்கு இணங்கியது, அவ்வளவுதான். ஆனால் இணங்கும் கல்லுக்கு ஒரு விலை உண்டு. சுவேவிட்டில் இருந்த கண்ணாடியில் ஒரு பகுதி காலப்போக்கில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணாக மாறியிருக்கிறது. நம் கரிசல் நிலம் மழையில் ஊதி வெயிலில் பிளக்கிறதே, அந்தக் குணத்துக்குக் காரணமான அதே களி. சுவர்க் கல்லும் நனையும்போது துளி ஊதும், காயும்போது சுருங்கும். ஊறிய நீர் பனிக்காலத்தில் உறையும்போது இன்னும் நெருக்கும். முதலில் ஃப்ளெட்லே உதிர்ந்து குழி விழும், குழியில் தண்ணீர் தங்கும், பிறகு மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். சன்னலடி விளிம்பு, முட்டுச்சுவரின் சாய்ந்த தலை, மழைநீர் தெறிக்கும் அடிவரிசை இந்த மூன்று இடங்களில் பார். கூரை நிழலில் இருக்கும் கல்லோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

இதனால் ரிப்பேர் ஓய்வதே இல்லை. இப்படிப்பட்ட சுவரில் செய்யக்கூடாத முதல் காரியம் சிமென்ட் வைத்து இடுக்குகளை அடைப்பது. சிமென்ட் கல்லைவிடக் கெட்டி. உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும். கூடவே உப்பும் வந்து கல்லின் விளிம்பில் படிந்து அதை நொறுக்கும். சாந்து நிற்கும், கல் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து என்றால் அதுவே ஈரத்தை வாங்கி அதுவே தேயும். சில வருஷங்களுக்கு ஒருமுறை சாந்தைப் புதுப்பித்தால் போதும். நிறம் ஒட்டாமல், ஓரம் கூராக, ஃப்ளெட்லே இல்லாமல் ஒரு கல் தெரிந்தால் அது பின்னால் மாற்றி வைத்தது.

இப்போது உள்ளே போ. சுமார் 90 மீட்டர் நீளம். நடுக்கூடமும் இரு பக்கக் கூடங்களும் ஒரே உயரம். இதை ‘ஹாலன்கிர்ஹே’, அதாவது மண்டபக் கோயில் என்பார்கள். பாரிஸில் நீ பார்த்த நோத்ர தாமில் நடுக்கூடம் மட்டும் ஓங்கி நிற்கும். அதன் வளைகூரை பக்கவாட்டில் தள்ளும் தள்ளலை வெளியே பறக்கும் கல்கைகள் தாங்கும். இங்கே அந்தக் கைகளைத் தேடினாலும் கிடைக்காது. நடுக்கூரையின் தள்ளலைப் பக்கக் கூரை எதிர்த்துத் தள்ளிச் சரிக்கட்டுகிறது. அதனால் உள்ளே தூண்கள் ஒல்லியாக இருக்கலாம். மிச்சத் தள்ளலை வெளிச்சுவரின் முட்டுகள் வாங்கிக்கொள்ளும். இதில் ஒரு குறையும் உண்டு. நடுக்கூடத்துக்கெனத் தனியாக மேல்சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் முழுதும் பக்கச் சுவர்களிலிருந்து வர வேண்டும், அதனால்தான் சன்னல்கள் அவ்வளவு நெடுக இருக்கின்றன.

வேலை 1427இல் தொடங்கி 1505இல் முடிந்தது. 78 வருஷம், பல தலைமைக் கொத்தர்கள். கோன்ராட் ஹைன்ட்சல்மான் இங்கிருந்து நியூரம்பர்க் போய் 1439இல் லோரன்ஸ் தேவாலயத்தின் கருவறைப் பகுதியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த நிக்கொலாவுஸ் எசலர், 1448 முதல் டிங்கல்ஸ்பியூலிலும் இன்னொரு ஜார்ஜ் தேவாலயம் கட்டினார். நேரமிருந்தால் அதையும் பார், இரண்டுக்கும் ஒரே சாயல். வலைப்பின்னல் போன்ற வளைகூரை மட்டும் கடைசியில், 1495க்கும் 1505க்கும் நடுவே, ஸ்டெஃபான் வையரர் செய்தது.

வளைகூரை ஏன் கடைசியில்? சுண்ணாம்புச் சாந்து காற்றை உறிஞ்சித்தான் இறுகும், அதுவும் மெதுவாக. சுவர் அமுங்கி அடங்குவதற்குள் மேலே கல்வளைவை ஏற்றினால் சுவர் வெளியே சாயும், வளைவு நடுவில் பிளக்கும். அதனால் அந்தக் காலத்தில் முதலில் மரக்கூரை போட்டு மழையை நிறுத்துவார்கள். பிறகு அதன் நிழலில் சாரம் கட்டி, மரத்தால் சென்ட்ரிங் அடித்து, விலாக் கற்களைக் கோத்து, விலாக்கள் சேருமிடத்தில் பூட்டுக்கல்லை இறக்கி, கடைசியில் இடைவெளிகளை மூடுவார்கள். சென்ட்ரிங்கை ஒரே மூச்சில் பிரிக்காமல் ஆப்பைத் தட்டித் தட்டி இறக்குவார்கள். எல்லா வளைவும் சமமாகப் பாரம் ஏற்க வேண்டுமே. தூணுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார், விலாக்கள் எங்கே புறப்படுகின்றன என்று.

பலிபீடத்தின் சட்டகம் 1683ஆம் வருஷத்து பரோக் பாணி வேலை. அதற்குள் நிற்கும் மரச்சிற்பங்கள் இருநூறு வருஷத்துக்கும் மூத்தவை: சிலுவையில் இயேசு, மரியாள், யோவான். இவை நிக்லாவுஸ் கெர்ஹார்ட் என்ற சிற்பி செதுக்கியவை என்கிறார்கள். என் கணக்கில் இந்த ஊரிலேயே முதல் பொருள் அந்த இயேசுவின் முகம்தான். பிரசங்க மேடை 1499ஆம் வருஷத்தது. அதற்கு ஐந்து நிமிஷம் போதும், முகத்துக்குக் கால்மணி கொடு.

பிறகு ஏறு. 350 படி. மேலே போனதும் கீழே குனிந்து ஊரைப் பார்ப்பதற்கு முன் தூரத்தைப் பார்; வளையமாகத் தெரியும் காட்டுக் குன்றுகள்தான் பள்ளத்தின் விளிம்பு. அப்புறம் கூரைகளைப் பார். நடுவே ஒரு தெரு வட்டமாக ஓடும். 1327இல் மதிலை வெளியே தள்ளிக் கட்டுமுன் இருந்த பழைய மதிலின் தடம் அது.

ராத்தங்கினால் பத்து மணிக்குக் கோபுரத்தடியில் நில். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அரைமணிக்கு ஒருமுறை காவலாளி மேலிருந்து “ஸோ, க்ஸெல், ஸோ” என்று குரல் கொடுப்பார். திறந்து கிடந்த மதில் கதவில் பன்றி உரசி ஊரைக் காப்பாற்றியது என்று அதற்கொரு கதை உண்டு, அங்கேயே கேட்டுக்கொள். தங்காவிட்டால் டோனவ்வோர்த் போகும் கடைசி வண்டியின் நேரத்தை வந்து இறங்கியதுமே பார்த்துவிடு.

ஃப்ளெட்லே உதிர்ந்த குழி ஒன்றைப் பக்கத்தில் போய்ப் படமெடுத்து அனுப்பு. அளவு தெரிய ஒரு யூரோ காசைப் பக்கத்தில் பிடித்துக்கொள். கல்லை மட்டும் நகத்தால் சுரண்டாதே.

அன்புடன்,
அம்மா