எரிந்து விழும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம்.

தேர்ச்சி அட்டையில் கையெழுத்துப் போட வரும்போது உங்களில் பலர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்பது இதைத்தான்: "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான், இப்ப என்ன ஆச்சு?" வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிறான், அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வருவதில்லை, காலையில் பள்ளி என்றாலே வயிற்றுவலி. இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இதில் ஒரு பங்கு பதின்ம வயதின் இயல்பு. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமும் உடம்பிலேயே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஆனால் தேவைப்படுவதோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். காலையில் எழ மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதில் பயனில்லை.

எனக்குக் கவலை தருவது மற்றொரு பங்கு. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். வளரும் பிள்ளைகளிடம் அது பல நேரம் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படும். அதனால் நமக்குத் திமிராகத் தெரிகிறது, தண்டிக்கிறோம், அது இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே கோபத்தை மட்டும் பார்க்காதீர்கள், கூடவே என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். உயிராக இருந்த விளையாட்டை விட்டுவிட்டானா? தோழிகள் கூப்பிட்டும் போகாமல் இருக்கிறாளா? சாப்பாடும் தூக்கமும் தலைகீழாகிவிட்டனவா? வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறார்களா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். கையில் அவர்களே கீறிக்கொண்ட காயம் கண்டால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

பெற்றோர் கூட்டங்களில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டே அதன் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்குவார் அப்பா. அம்மா இடையில் புகுந்து விட்டுப்போனதைச் சேர்ப்பார். பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அது உங்களிடமும் மனம் திறக்காது, எங்களிடமும் திறக்காது. சொல்ல வேண்டியது இருந்தால், தயவுசெய்து எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் பேசும்போதும் எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ பேச்சைத் தொடங்கினால் அவர்களுக்கு எளிது. "ஏன் இப்படி இருக்க?" என்று கேட்டால் பதில் வராது. "கொஞ்ச நாளா ரொம்ப சோர்ந்து தெரியற" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். சரி என்று விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அப்புறம் ஒருநாள் பேசத் தொடங்கினால் குறுக்கே அறிவுரை சொல்லாதீர்கள். பெற்றோருக்கு இதுதான் மிகக் கடினம் என்று எனக்குத் தெரியும்.

இதற்காக எல்லாவற்றையும் அனுமதிக்கச் சொல்லவில்லை. எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, நீங்களும்தான். செல்பேசியைக் கோபத்தில் பிடுங்குவதைவிட, இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய செல்பேசியும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

"செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்று பிள்ளை சொன்னால் மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" என்று கேட்காதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல், மருந்து மாத்திரை, பூச்சிமருந்து, கூரான பொருட்களை எட்டாதபடி அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பள்ளி முடிந்தபின் எந்த நாளும் என்னை வந்து பார்க்கலாம்; பிள்ளையை அழைத்து வர வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, நீங்கள் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது. சிகிச்சைக்காக விடுப்பு எடுத்தால் விட்டுப்போன பாடங்களை நாங்கள் நடத்தித் தருகிறோம். வருகைக் குறைவைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்