தூண்டுதல் அல்ல, எங்கள் சொந்த அச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1965 மொழிப்போர் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்சிகள் தூண்டிவிட்டதால்தான் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அதை எழுதியவர். அந்த மாணவர்களில் நானும் ஒருவன். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இருந்த இரண்டு காணியில் ஒன்றை அடகு வைத்துத்தான் அப்பா என்னை அனுப்பினார். விடுதியில் இரவு விளக்கணைந்த பிறகு நாங்கள் பேசியதெல்லாம் மத்திய அரசு வேலையைப் பற்றித்தான். ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்றால், அதையே பேசிப் பிறந்தவனோடு நான் எந்தத் தேர்வில் போட்டியிடுவது? ஆங்கிலமும் தொடரலாம் என்றது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 'லாம்' எங்களுக்குப் போதவில்லை.

அப்படியானால் மொழிப்பற்று பொய்யா என்று கேட்கக்கூடும். 1964-இல் திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னச்சாமி வேலையை எண்ணியா உயிரை விட்டார்? எனக்குள் பயமும் இருந்தது, பற்றும் இருந்தது. எது எங்கே முடிந்தது என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் எங்கள் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாணவர் இராசேந்திரன் இறந்தார். நான் பின்வரிசையில் இருந்ததால் பிழைத்தேன். பிறகு மாநிலமெங்கும் ரயில்களும் அஞ்சலகங்களும் எரிந்தன, காவலர்களும் கொல்லப்பட்டார்கள். அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை. அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் சுமார் 70 பேர்.

பிப்ரவரி 11-ஆம் தேதி ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார். 1967-இல் சட்டம் திருத்தப்பட்டது. மத்திய அரசுக்கும் இந்தி பேசாத மாநிலங்களுக்கும் இடையே ஆங்கிலம் தொடரும் என்பது அதன்பின் சட்டமாயிற்று. 'லாம்' போய்விட்டது. 1979 முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுத முடிகிறது. கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஒரு வருத்தமும் உண்டு. 34 ஆண்டுகள் தமிழ்வழியில் கணிதம் கற்பித்தேன். நான் ஓய்வு பெறும்போது என் வகுப்பில் 11 பேர்தான் இருந்தார்கள். ஆங்கிலத்தைக் காத்த அளவுக்குத் தமிழ்வழிக் கல்வியை நாங்கள் காக்கவில்லை. இந்தக் குறையைக் கட்டுரையாளர் சுட்டியிருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்பேன்.

அன்று ஊர்வலத்தில் நடந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறோம். அடுத்த முறை எழுதுவதற்கு முன் எங்களில் ஒருவரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கடலூர்.