உடனிருந்தோர்: யாரும் இல்லை

அன்புள்ள அக்கா,

துறையில் பழைய பீரோக்களைக் காலி செய்கிறார்கள். ஒதுக்கீட்டு ஊராட்சித் தலைவர்களிடம் நாம் எடுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வுப் படிவங்கள் சணல் கயிற்றுக் கட்டு பிரியாமல் அடித்தட்டில் அப்படியே இருந்தன. பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு வேண்டும் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். (பெயரும் ஊரும் எழுதிய படிவங்களைப் பழைய பேப்பராக எடைக்குப் போட நினைத்ததைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.) ஒரு வாரம் கட்டைப் பிரிக்கவில்லை. பிரித்ததும் எந்தப் படிவத்தைத் தேடினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு நேராக எழுதாமல் இப்படி ஊரறிய எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். நேராக எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை என்பது ஒன்று. நான் தவறு செய்த இடம் அச்சேறி, மேற்கோள் காட்டப்பட்டு, மாணவர்களுக்குப் பாடமாகவும் போயிருக்கிறது. அதைத் திருத்துவது மட்டும் நம் இருவருக்கும் நடுவில் நடந்தால் போதாது என்பது மற்றொன்று. என் மாணவர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கில் ஒன்று அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைவர் பதவி பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் எதிர்த்த அந்த நான்கு ஊர்களில் பத்தாண்டுகள் வேட்புமனு போட ஆளில்லாமலும், போட்டு வென்றவர் உடனே பதவி விலகியும், 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் வந்து நிலைத்தார்கள். அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா நடத்தியது அரசு. செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் அங்கேதான் குவிந்தார்கள். தேர்தல் தடைபட்ட ஊர் கண்ணில் பட்டுவிடும், குறித்த தேதியில் அமைதியாகத் தேர்தல் நடந்துவிட்ட ஊருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான். எங்கள் ஆய்வின் மையக் கேள்வி என்று நான் பிறகு எழுதிய வாக்கியம் உங்களுடையது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, முந்தைய ஆண்டின் நாட்காட்டி. தலைவர் அம்மா நம்மைப் பார்த்ததும் எழுந்துகொண்டார், நாம் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. வெளியே திண்ணையில் துணைத் தலைவர் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. உள்ளே வருவதற்கு முன்பே அவர் என்னிடம், “எந்த ஊரும்மா நீங்க?” என்று கேட்டிருந்தார். அப்பாவின் ஊரைச் சொன்னேன். “அட, நம்ம பக்கந்தான்” என்று சிரித்தார். உங்களிடம் அவர் கேட்கவில்லை. கேட்காததை நீங்கள் கவனித்தீர்கள். நீங்கள் கவனித்ததை நானும் கவனித்தேன். அதைப் பற்றி நாம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. இங்கும் அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

கேள்விகளை நான் வாசித்தேன். நம் நாட்டில் மக்களாட்சி நடக்கும் விதத்தில் உங்களுக்கு எந்த அளவு திருப்தி: மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, அவ்வளவாகத் திருப்தியில்லை, திருப்தியே இல்லை. உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. அந்த அம்மா சன்னல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, “ரொம்பத் திருப்திங்கம்மா” என்றார். நான் டிக் போட்டேன். வெளியே பாக்கு வெட்டும் சத்தம் சற்று நின்று மறுபடி தொடங்கியது. நீங்கள் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, அடுத்த கேள்விக்கு நான் போவதற்குள், “காசோலையில கையெழுத்து யாரும்மா போடுறது?” என்று கேட்டீர்கள். அது வினாப்பட்டியலில் இல்லாத கேள்வி. “ரெண்டு பேருந்தான். அவுக போட்டாத்தான் நான் போட்டது செல்லும்” என்றார். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்பதைச் சட்டமாக நான் படித்திருந்தேன். ஒதுக்கீட்டில் வந்த தலைவரைத் துணைத் தலைவர் நாற்காலிக்கே வராமல் ஆள்வதற்கு அந்த ஒரு கையெழுத்து போதும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முறைகேட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது.

பேருந்தில் நீங்கள் கேட்டதைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன், உங்கள் பெயரைச் சொல்லாமல்: “திருப்தியான்னு அந்தம்மாகிட்ட கேட்டியாடி, திண்ணையில இருந்த ஆளுகிட்ட கேட்டியா?”

உங்களுக்குத் தெரியாத பகுதிக்கு இப்போது வருகிறேன். படிவத்தின் கடைசிப் பக்கம் கள ஆய்வாளரே நிரப்ப வேண்டியது. நேர்காணலின்போது உடனிருந்தோர் யார் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: யாரும் இல்லை, குடும்பத்தினர், அக்கம்பக்கத்தினர், ஊரில் செல்வாக்குள்ளவர்கள். அன்று இரவு விடுதியில் நீங்கள் தூங்கிய பிறகு அதை நிரப்பினேன். ‘யாரும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஏன் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் அறைக்குள் இல்லை, திண்ணையில்தான் இருந்தார்; சொல்லின்படி அது பொய்யில்லை. வேறு கட்டத்தில் போட்டால் மறுபடி போய் எடுத்துவரச் சொல்வார்கள். அந்த ஊருக்கு ஒரு நாளில் இரண்டு பேருந்துதான், பயணப்படியும் கிடைக்காது. இவையெல்லாம் உண்மை. ‘நம்ம பக்கந்தான்’ என்ற சிரிப்பில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதும் உண்மை. புது ஊரில் பயமில்லாமல் உட்காரலாம் என்ற அந்த நிம்மதியை எனக்குத் தந்தவரை, ‘செல்வாக்குள்ளவர்’ என்ற கட்டத்தில் போட்டுக் குற்றவாளி போல நிறுத்த என் கை வரவில்லை. இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

ஒரு படிவத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. கட்டைப் பிரித்து எல்லாவற்றின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். என் கையெழுத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய எல்லாமே ‘யாரும் இல்லை.’ உங்கள் கையெழுத்தில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் மூன்றாவது, நான்காவது கட்டம். பலவற்றில் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு: ‘மகன் பதில் சொன்னார்’, ‘கிளார்க் நடுவில் வந்து போனார்’, ‘தலைவர் தரையில் அமர்ந்து பதில் சொன்னார்.’ தரவைச் சுத்தம் செய்தபோது நெறியாளர் வகுத்த விதி உங்களுக்கு நினைவிருக்கும்: பிறர் முன்னிலையில் எடுத்த நேர்காணலை நம்ப முடியாது, நீக்கிவிடுங்கள். விதியில் தவறில்லை, நேர்காணலைத் தனிமையில் எடுக்க வேண்டும் என்றுதான் பாடநூல்களும் சொல்லும். ஆனால் அதன்படி நீங்கள் உண்மை எழுதிய படிவங்கள் குப்பைக்குப் போயின, நான் பொய் எழுதியவை அட்டவணையில் ஏறின. ஒதுக்கீட்டு ஊராட்சித் தலைவர்களிடையே மக்களாட்சி மீதான திருப்தி எதிர்பார்த்ததைவிட அதிகம் என்ற முடிவு அப்படித்தான் கிடைத்தது; அதற்கு ‘பதவி தரும் கண்ணியம்’ என்று ஒரு விளக்கத்தையும் எழுதினேன். எனக்கு வேலை வாங்கித் தந்த கட்டுரை அதுதான். ‘களப்பணியில் கவனக்குறைவு’ என்று உங்கள் கோப்பில் எழுதப்பட்டதும் அந்த நீக்கத்தால்தான். நீங்கள் ஆய்வை விட்டுப் போனபோது, இவருக்கு எண்களைவிடப் பேச்சில்தான் ஆர்வம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இனி என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரும் ஊரும் வெளியே போகாது என்ற உறுதிமொழியை அந்த அம்மாவிடம் வாசித்தது நான். தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தது நீங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பொதுக்கூட்டத்தில் ஊரின் பெயரையும் சொல்லி, காசோலைக் கதையையும் சொல்லி, கைதட்டலும் வாங்கினீர்கள். மறுநாள் நாளிதழில் வந்தது. அதற்குப் பிறகு துணைத் தலைவர் பல மாதம் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போடவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் மோட்டார் போடுகிறவருக்குச் சம்பளம் இல்லை, அவர் வந்து சத்தம் போட்டது தலைவர் வீட்டு வாசலில்தான். மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சமூகத்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொன்றார்களே, அதைத்தான் ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் முதல் வகுப்பாக எடுத்தீர்கள். அந்த வகுப்பை எடுத்தவருக்கு ஒரு பெண்ணின் ஊரை மேடையில் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதா? மக்களிடமிருந்து எடுத்ததை மக்களிடமே கொண்டுபோக வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும். இதைக் கடுமையாக எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அதே முகாம்களில் படித்த பெண்களில் ஒருவர் 2022 ஆகஸ்டில், அத்தனை ஆண்டும் தம் ஊரில் வேறு யாரோ ஏற்றிய சுதந்திர தினக் கொடியைத் தாமே ஏற்றியதாக உங்கள் இணையப் பக்கத்தில் படித்தேன். பட்டியல் சமூகத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்த ஆண்டு அது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட புகைப்படம் 2020இல் வெளியானபோது நாடே அதிர்ந்ததாகச் சொன்னார்கள். உங்கள் பென்சில் குறிப்பு அதற்குப் பதின்மூன்று ஆண்டு முந்தியது. அதைத் தரவு இல்லை என்று தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

இந்த ஆண்டுகளில் என் வேலை பெரிய அளவுகோல்களின் பக்கம் போய்விட்டது. 2021 மார்ச்சில் நாடுகளின் மக்களாட்சியை அளக்கும், ஸ்வீடனின் கோட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் வி-டெம் நிறுவனம் இந்தியாவைத் தேர்தல் வழி எதேச்சாதிகாரம் என்று வகைப்படுத்தியது. அதே மாதம் அமெரிக்க அமைப்பான ஃப்ரீடம் ஹவுஸ் நூற்றுக்கு நமது மதிப்பெண்ணை 71இலிருந்து 67 ஆக்கி, ‘பகுதி சுதந்திரம்’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. தாங்களாகவே உலகத்துக்குக் காவலர் ஆகிக்கொண்டவர்களின் பாசாங்கு என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதைத் தள்ளினார். அந்த வாரம் நான் நான்கு தொலைக்காட்சி விவாதங்களில் உட்கார்ந்தேன். நிபுணர்களைக் கேட்டு மதிப்பெண் போடுவது வெறும் அபிப்பிராயம்தானே என்று எதிரில் இருந்தவர் கேட்டார். வி-டெம்மில் ஒரு கேள்விக்கு ஒரு நாட்டுக்குப் பொதுவாக ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தனித்தனியே கேட்கிறார்கள், கண்டிப்பாகப் போடுகிறவர், தாராளமாகப் போடுகிறவர் என்ற வேறுபாட்டைக் கணக்கில் கழிக்கிறார்கள், எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற எல்லையையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள் என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான். குறைவது மக்களாட்சியா, மதிப்பெண் போடுகிறவர்களின் நம்பிக்கையா என்று அரசியல் அறிவியலாளர்கள் ஆண்ட்ரூ லிட்டிலும் ஆன் மெங்கும் கேட்டதையும் மாணவர்களுக்கு நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நிபுணரின் சாய்வைக் கழிக்க ஒரு கணக்கு இருக்கிறது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கள ஆய்வாளர் இரவில் தனியாக உட்கார்ந்து போடும் டிக்கைக் கழிக்க என்ன இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதில் என் முகத்தில் தெரிந்திருக்கும்.

முடிவு எடுத்துவிட்டேன். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன்: என் படிவங்களில் அந்தக் கட்டத்தை நம்ப வேண்டாம், அட்டவணை மூன்று நிற்காது. உங்கள் படிவங்களைப் பெயர் நீக்கி, ஓரக் குறிப்புகளோடு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். காப்பகத்தில் தொகுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட அனுமதி வேண்டும். வேண்டாம் என்றால் காலியாக விடுவேன், என் பெயரைப் போட மாட்டேன். துறையில் இதனால் எனக்கு என்ன ஆகும் என்பதை இங்கே எழுதுவது சரியாக இருக்காது.

போன மாதம் அந்த அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். 2011க்குப் பிறகு அவர் நிற்கவில்லையாம். 2016 முதல் மூன்று ஆண்டுக்கு மேல் தேர்தலே நடக்காமல் அரசு நியமித்த தனி அலுவலர் ஆண்டதையும், பிறகு தேர்ந்தெடுத்து வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்ததையும், “இப்ப கையெழுத்துக்கு யாரு வீட்டுக்கும் நடக்க வேண்டாம்மா, ஆபீசருதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போட்ட டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அந்தக் கேள்வியே நினைவில்லை. நீங்கள் கேட்ட காசோலைக் கேள்விதான் நினைவிருந்தது. மேடைப் பேச்சைப் பற்றி நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வைக்கும்போது, “கூட வந்த அந்தக்கா நல்லா இருக்காகளா? நம்பர் இருந்தாக் குடுங்க” என்றார். உங்கள் எண் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

மாறவில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா. கொடுக்கலாமா?

உங்கள் தங்கை