உமிச் சாம்பலும் வேற்றுக்கோள் உயிரும்

கொக்கட்டிச்சோலை,
மாசி மாதம்.

அன்பின் குணா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. வெட்டு முடிந்து நெல்லு வீடு வந்து சேரும்வரை பேனாவைத் தொட நேரமில்லை. இந்த முறை வேளாண்மை மோசமில்லை. கடைசி மழை கொஞ்சம் கெடுத்தாலும் விதைநெல்லுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் இருக்கிறது. அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

சரி, உன் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். வேறு கோள்களில் கல்லாலான உயிர் இருக்குமா என்று கேட்டாளாம். நீ அதைச் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று எழுதியிருந்தாய். இல்லை மச்சான். 1891இலேயே யூலியஸ் ஷைனர் என்ற ஜேர்மன் வானியலாளர், கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கன் என்ற மூலகத்தாலான உயிரைப் பற்றி யோசித்திருக்கிறார். ஆவர்த்தன அட்டவணையில் காபனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கன். இரண்டுக்கும் பிணைவதற்கு நாலு கைகள். புவியோட்டின் நிறையில் 100க்கு 28 பங்கு சிலிக்கன். காபன் அரைப் பங்குகூட வராது. இவ்வளவு சிலிக்கன் காலடியில் கிடந்தும், வயலிலும் வாவியிலும் நம் உடம்பிலும் உயிரைக் கட்டியது காபன்தான். ஏன்?

போன கிழமை நெல்லுக் குத்தப் போன இடத்தில் இதற்கு விடை கிடைத்தது. ஆலைக்குப் பின்னால் உமிக் குவியல் இரண்டு மூன்று நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. ஓரத்தில், நன்றாக எரிந்து வெள்ளையாகிப் போன ஒரு உமியைப் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். எரிந்த பிறகும் அது உமியாகவே இருந்தது. தோணி போன்ற வளைவு, முதுகில் ஓடும் வரிகள், எல்லாம் அப்படியே. விரல் பட்டதும் மாவாகிவிட்டது. 100 கிலோ உமியை எரித்தால் ஏறக்குறைய 20 கிலோ சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலின் பொருள்.

போனது எது, நின்றது எது என்று பார். காபன் ஒட்சிசனோடு சேர்ந்தால் வாயு. காற்றோடு போகும், அடுத்த போகத்தில் பயிர் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாமும் அதைத்தான் மூச்சாக விடுகிறோம். சிலிக்கன் ஒட்சிசனோடு சேர்ந்தால் கல். அதை உருக்கவே 1,700 பாகை அளவு வெப்பம் வேண்டும். சிலிக்கனால் வாழும் ஒரு பிராணி, மூச்சுக்கு மூச்சு மணலை வெளியே தள்ள வேண்டியிருக்கும். இன்னொன்று, சிலிக்கன் அணுக்கள் ஒன்றையொன்று பிடிக்கும் பிடி காபனின் பிடியைவிடத் தளர்வானது. மெதேன் வாயுவில் காபன் இருக்கும் இடத்தில் சிலிக்கன் இருந்தால் அது சிலேன். அந்த வாயு காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். ஒட்சிசனைக் கண்டால் சிலிக்கன் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும், மறுகா விடாது.

ஆனால் பிள்ளையிடம் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதே. நம் நெல்லே சிலிக்கனைத் தேடிக் குடிக்கிற பயிர். வேர் அதை உறிஞ்ச உதவும் மரபணுவை 2006இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சின்ன வயதில் புல் பிடுங்கப் போய் கையெல்லாம் கீறிக்கொண்டு வருவோமே, நெல்லோலையின் ஓரத்தில் இருந்த அந்த அரம் சிலிக்காதான். வாவித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத தயற்றம் என்ற நுண்பாசிகள் கண்ணாடிக் கூடு கட்டி வாழ்கின்றன. 2016இல் அமெரிக்க இரசாயனவியலாளர் பிரான்சிஸ் ஆர்னல்டின் குழு, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றுப் பக்றீரியா ஒன்றின் புரதத்தைத் திருத்தி, காபனையும் சிலிக்கனையும் பிணைக்க வைத்தது. அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிருக்குச் சிலிக்கன் அந்நியமில்லை. கவசமாக, கூடாக வைத்துக்கொள்கிறது, சதையாக மட்டும் ஆக்கவில்லை.

நீரும் ஒட்சிசனும் இருக்கும் கோளில் சிலிக்கன் உயிரை நான் எதிர்பார்க்கவில்லை. சனியின் துணைக்கோள் டைட்டனைப் போல, -180 பாகைக் குளிரில் மெதேன் ஏரிகள் கிடக்கும் இடத்தில் சிலிக்கன் சங்கிலிகள் உடையாமல் நிற்கலாம். ஆனால் அங்கேயும் சிலிக்கன் பனிக்கட்டிக்கு அடியில், பாறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் இதே கதை. புரதங்களைக் கட்டும் பொருளான அமினோ அமிலங்கள் அதில் காபனால் ஆகியிருந்தன, சிலிக்கன் கல்லாகவே இருந்தது. அதனால் என் மனம் காபன் பக்கம்தான் சாய்கிறது. என்றாவது ஒரு நாள் இது பிழையென்று தெரியவந்தால் என்னைவிடச் சந்தோசப்படுகிற ஆள் இருக்க முடியாது.

கல்லடிப் பாலத்தடியில் பறுவ இரவில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் நுனியில் காதை வைத்துக் கேட்டது நினைவிருக்கிறதா? அது மீன் பாடுவது என்று நீ சொன்னாய். கல்லிடுக்கில் நீர் ஓடும் சத்தம் என்று உன் ஐயா சொல்ல, வீடு வரும்வரை நீ அவரோடு பேசவில்லை. உன் பேத்தியின் கேள்வியை வாசித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சித்திரை விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. ரின் மூடியில் நாலு உமியை வைத்து, வெள்ளையாகும்வரை அவளே எரிக்கட்டும். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தம்பிராசா