எங்கள் சிறுநீரைச் சோதியுங்கள்

கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கதிரியக்க ஸ்ட்ரான்ஷியத்திலிருந்து நோயாளிகளுக்கான இட்ரியத்தைப் பிரித்தெடுக்கும் எங்கள் ஜெனரேட்டர் அறையில் குப்பி சாய்ந்ததும், கையுறை கிழிந்து ஒருவருக்கு விரலில் கீறல் பட்டதும் உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சக ஊழியரை முழு உடல் கதிர்வீச்சு அளவிடும் கருவிக்கு அனுப்பினீர்கள். 'எதுவும் கண்டறியப்படவில்லை' என்று ஒரு தாள் வந்தது. கோப்பை மூடிவிட்டீர்கள். அந்தக் கருவி காமா கதிரைத் தேடுவது. குப்பியில் இருந்ததோ ஸ்ட்ரான்ஷியம்-90. அது வெளியிடுவது பீட்டா, உடலைத் தாண்டி வெளியே வராத கதிர். அதிலிருந்து பிறக்கும் இட்ரியம்-90 வெளியிடுவதும் ஏறக்குறைய முழுக்கப் பீட்டாதான். பெரிய அளவில் உடலுக்குள் போயிருந்தால் ஒழிய அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. சட்டையில் குத்தும் பேட்ஜும் வெளியிலிருந்து பட்டதை மட்டுமே சொல்லும். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் என் கோபமே.

சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும் என்று அவர் கேட்டார். பதில் வரவில்லை. தானாகவே ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேகரித்து, வெள்ளை பிளாஸ்டிக் கேனில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பையில் மறைத்துக் கொண்டுவந்தார். விண்ணப்பப் படிவம் இல்லாமல் வாங்க முடியாது என்றார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். கேன் இன்றுவரை எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. உள்ளே போன ஸ்ட்ரான்ஷியம் சிறுநீரில் அதிகம் வெளியேறுவது முதல் சில நாட்களில்தான். மீதியில் பெரும்பகுதி, கால்சியம் என்று நம்பி ஏமாறும் எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம்-90-இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 29 ஆண்டுகள்.

ஸ்ட்ரான்ஷியம்-90 கையாளும் எல்லோருக்கும் முறையான இடைவெளியில் சிறுநீர்ப் பரிசோதனை வையுங்கள். விபத்து நடந்தால் அன்றே தொடங்குங்கள்.

நோயாளிக்குப் போகும் இட்ரியத்தில் ஸ்ட்ரான்ஷியம் கசிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே அறையை விட்டு வெளியே விடுகிறோம். எலும்பு மஜ்ஜைக்கு ஆபத்து என்பதால் வந்த நல்ல விதி அது. அந்த இட்ரியத்தைப் பிரித்தெடுத்துக் கொடுப்பவர்களுக்கும் மஜ்ஜை இருக்கிறது அல்லவா? பக்கத்து ஆய்வகத்தில், செயற்கை எலும்புக்கான கண்ணாடியிலிருந்து கதிரியக்கமில்லாத ஸ்ட்ரான்ஷியம் எவ்வளவு கரைகிறது என்று நுணுக்கமாக அளக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி நன்றாக வளரட்டும். ஆனால் நம் நிறுவனத்தில் கருவிக்கும் ஆளுக்கும் பணம் எப்போதும் பொருளுக்குத்தான் கிடைக்கிறது, ஊழியருக்குக் கிடைப்பதில்லை. இந்த வருத்தம் பழையது. மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

சிறுநீரிலிருந்து ஸ்ட்ரான்ஷியத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து இட்ரியம் மீண்டும் வளரும்வரை இரண்டு வாரம் காத்திருந்து அளப்பது சிரமம் என்பீர்கள். சிரமம்தான். ஆனால் முடியாததில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1958-இல் தொடங்கி, குழந்தைகளின் விழுந்த பால் பற்களை லட்சக்கணக்கில் சேகரித்து இதே ஸ்ட்ரான்ஷியம்-90-ஐ அளந்தார்கள்.

தயவுசெய்து முதலில் அந்தக் கேனை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைய மாதிரி ஒன்றையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள். முடிவை கதிரியக்க அலகான பெக்கரலில், கருவியால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவையும் சேர்த்து, எழுத்தில் கொடுங்கள். அப்புறம் மற்ற எங்களுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெனரேட்டர் அறை ஊழியர்களில் ஒருவர்