சர்க்கரை நோயாளியின் மதியச் சாப்பாடு வயிற்றை நிறைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நம் ஊரில் சொல்லப்படும் அறிவுரைகளில் அதிகம் காதில் விழுவது ‘சோற்றைக் குறையுங்கள்’ என்பதுதான். மருத்துவரும் சொல்கிறார், மருந்துக் கடைக்காரரும் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். குறைத்த சோற்றின் இடத்தில் இலையில் எதை வைப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஒரு கரண்டிச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிற மனிதருக்கு நான்கு மணிக்குள் பசி எடுத்துவிடுகிறது. டீக்கடையில் இனிப்பு டீயும் இரண்டு பஜ்ஜியும் உள்ளே போகின்றன. இரவில் பசி தாளாமல் இட்லியோ தோசையோ கணக்கில்லாமல் போகிறது. அன்றைய மாவுச்சத்து குறையவே இல்லை, மதியத்திலிருந்து மாலைக்கும் இரவுக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பல ஆண்டுகளாக இந்த நோயோடு அலுவலகம் சென்றுவரும் ஒருவன் என்ற முறையில், மதியச் சாப்பாட்டைச் சுருக்குவதைவிட அதை வயிறு நிறையும்படி மாற்றி அமைப்பதே முக்கியம் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

இது ஒருசிலரின் பிரச்சினை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதன் விளிம்பில் 13 கோடிக்கும் மேற்பட்டோர் நிற்பதாகவும் கணக்கிட்டது. இவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். மதிய உணவை டப்பாவிலோ, உணவகத்திலோ, அலுவலகக் கேண்டீனிலோ முடித்துக்கொள்கிறவர்கள்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 3 கிராமைத் தாண்டுவதில்லை. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்குமாக 400 கிராம் சோறு சாப்பிடுகிறவர் ஒரே வேளையில் 110 கிராமுக்கு மேல் மாவுச்சத்தை உள்ளே அனுப்புகிறார். மென்மையாக வெந்த தீட்டிய அரிசி விரைவாகச் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கலந்துவிடும். புரதமும் நார்ச்சத்தும் உடனிருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும்; சர்க்கரை ஏறும் வேகம் தணியும்; பசியும் தள்ளிப்போகும். ஆகவே ஒரு சாப்பாடு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதில் எத்தனை கரண்டிச் சோறு இருந்தது என்பதைவிட, பருப்பும் பயறும் காயும் முட்டையும் மீனும் எவ்வளவு இருந்தன என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் தொட்டுச் செல்ல வேண்டும். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்றோ, சாமைக்கும் வரகுக்கும் மாறிவிட்டேன் என்றோ நிம்மதி அடைகிறவர்கள் பலர். முழுக் கோதுமை மாவிலும் சிறுதானியங்களிலும் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 100 கிராம் கோதுமை மாவிலோ சாமையிலோ வரகிலோ மாவுச்சத்து 65 கிராம் அளவில் இருக்கத்தான் செய்கிறது. நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவில் தோய்த்து உண்பவரும், சிறுதானியம்தானே என்று சாமை பிரியாணியை இரண்டாம் முறை வாங்கிக்கொள்பவரும் தாங்கள் தப்பித்துவிட்டதாக நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. அதே ஆய்வுத் திட்டத்தின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. இந்தியர்களின் உணவு ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும், மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைப் பயறு வகைப் புரதத்தாலும் பால் புரதத்தாலும் ஈடுசெய்யும்போது அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்றும் அது கூறுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் ‘சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி’ என்று பையில் அச்சிட்டு இரட்டை விலைக்கு விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

அப்படியானால் வயிறு நிறையும் மதியச் சாப்பாடு எப்படி இருக்கும்? ஒரு சிறு கிண்ணம், அதாவது 100 முதல் 150 கிராம் வரை சோறு. அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஒரு கிண்ணம் கெட்டியான கூட்டு. தேங்காய் குறைத்துத் தாளித்த கொண்டைக்கடலை, தட்டப்பயறு அல்லது மொச்சைச் சுண்டல். புடலை, அவரை, கொத்தவரை, வெண்டை, முட்டைகோஸ் என்று ஏதாவது ஒரு காயில் தாராளமான பொரியல். கடைசியில் சர்க்கரை சேர்க்காத தயிரோ மோரோ. அசைவம் உண்பவர்களுக்கு இரண்டு முட்டையோ, குழம்பில் வெந்த இரண்டு துண்டு மீனோ சுண்டலின் வேலையைச் செய்யும். மத்தியும் அயிலையும் விலையிலும் பெரும்பாலும் கைக்கு எட்டுபவை. கீரையைக் கடைவதைவிடப் பாசிப்பருப்பு சேர்த்துப் பொரியலாக்கினால் மென்று உண்ண வேண்டியிருக்கும், சாப்பாடும் நிதானப்படும். உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு வறுவல்களைக் காய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை சோற்றின் உறவினர்கள். அப்பளத்தையும் ஜவ்வரிசி வடாமையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்ணும் வரிசைக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், ஒரே உணவை நீரிழிவு உள்ளவர்களுக்கு இருவகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காயையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர் மட்டுமே என்பதால் இதைப் பெரிதாக்கிப் பேசவில்லை. ஆனால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று ஓரமாக ஒதுக்கிவைக்கும் கூட்டையும் சுண்டலையும் முதலில் பாதியளவு சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. இந்தச் சாப்பாடு தமக்கு ஒத்துவருகிறதா என்பதை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து அவரவரே அறிந்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு அப்போதைய இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைக்கும் இலக்கு.

இரண்டு எச்சரிக்கைகளை விட்டுவிட முடியாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். உணவை மாற்றும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டாவது, சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு நான் மேலே சொன்ன பயறும் பருப்பும் கீரையும் அப்படியே பொருந்தாது. அவர்களுடைய புரதம், பொட்டாசியம் அளவுகளை மருத்துவரே வகுக்க வேண்டும்.

வீட்டிலிருந்து டப்பா கொண்டுசெல்பவர்களுக்குப் பெரிய இடையூறு கலவைச் சாதம். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், புளிச்சாதமும் அப்பளமும் என்று டப்பா முழுக்க ஒரே சத்தாகவே போகிறது. விடியற்காலையில் எழுந்து மூன்று பேருக்கு மூன்று டப்பா கட்டும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கலவைச் சாதம் ஒரே பாத்திரத்தில் முடிகிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. இரவே ஊறவைத்த பயறும் காலையில் குக்கரின் ஒரு தட்டில் வெந்துவிடும், அந்த வேலையை வீட்டு ஆண்களும் செய்யலாம். நோயாளிக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. அதே கூட்டும் சுண்டலும் பிள்ளைகளின் டப்பாவிலும் இருக்கலாம், சோற்றின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

வெளியில் சாப்பிடுகிறவர்களின் நிலைதான் உண்மையில் கடினமானது. முழுச் சாப்பாடு போடும் உணவகங்களில் சோறும் சாம்பாரும் ரசமும் எத்தனை முறை கேட்டாலும் வரும். கூட்டும் பொரியலும் உள்ளங்கையளவு கிண்ணத்தில் ஒருமுறை வரும். இன்னொரு முறை பொரியல் கேட்டால் பரிமாறுகிறவர் வாளியின் அடியைப் பார்க்கிறார். சரி, அளவுச் சாப்பாடு வாங்கலாம் என்றால், பல இடங்களில் சோற்றோடு சேர்ந்து கூட்டும் பொரியலும் சுருங்கிவிடுகின்றன. எனக்குச் சோறு பாதி போதும், அதற்கு ஈடாகக் கூட்டு இரண்டு கிண்ணம் கொடுங்கள் என்று கேட்டால், அதற்குத் தனிக் காசு என்ற பதில் வருகிறது. உணவகத்தாரின் கணக்கு புரியாமல் இல்லை. அரிசியை உலையில் போட்டு வடித்தால் வேலை முடிந்தது. காயை வாங்கி, ஆய்ந்து, நறுக்கி, வதக்கினால் அளவு பாதியாகச் சுருங்குகிறது, சந்தை விலையோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. சோற்றைக் காட்டி வயிற்றை நிறைப்பதே அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் பாதிச் சோறும் இருமடங்கு கூட்டு, பொரியலும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொண்ட ஒரு சாப்பாட்டை, முழுச் சாப்பாட்டின் விலைக்கோ சற்றுக் கூடுதலாகவோ விற்றால் வாங்குவதற்கு நாங்கள் இருக்கிறோம். நாங்கள் தள்ளுபடி கேட்கவில்லை. விலைப் பலகையில் அப்படி ஒரு வரி இருந்தால், பந்தியில் உட்கார்ந்து நோயை விளக்கிப் பேரம் பேச வேண்டிய சங்கடம் தீரும். அசைவ மெஸ்களில் ஆம்லெட்டோ மீன் துண்டோ தனியாக வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம். சைவ உணவகத்தில் அந்த வழியும் இல்லை.

அரசுக்கு இதில் முன்மாதிரி புதிதல்ல. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டையும், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் கிடைக்கின்றன. சோறு மட்டும் போதாது என்பதை ஏற்றுக்கொண்ட திட்டம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பணியாளர், அந்த வீட்டில் மதியம் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு, அந்தச் செலவுக்குள் அடங்கும் மாற்றம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும்படி பயிற்சி அளித்தால் பலன் பெருகும். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் 5 ரூபாய்ச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்த் தயிர் சாதமும் எத்தனையோ உழைப்பாளிகளின் பசியைத் தீர்த்தவை. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்ள ஒரு கிண்ணம் சுண்டலோ ஓர் அவித்த முட்டையோ வைப்பது, அங்கே சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அரசு அலுவலகங்கள், போக்குவரத்துப் பணிமனைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கேண்டீன்கள் குத்தகைக்கு விடப்படுகின்றன. அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது, குறைந்த சோறும் கூடுதல் பயறும் காயும் கொண்ட ஒரு சாப்பாடு தினமும் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு உரிய துறைகளையும், அப்படி ஒரு சாப்பாட்டைச் சோதனையாகவேனும் ஒரு மாதம் போட்டுப் பார்க்குமாறு உணவக உரிமையாளர் சங்கங்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.